குரோம்பேட்டை: தோலால் பெயர் பெற்ற ஊரும் அதன் கிணறுகளும்

பதிவு 1
ராதாநகர்வாசி:

அனைவருக்கும் வணக்கம். சென்னையின் தெற்குப் புறநகரில் பல்லாவரத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே இருக்கும் குரோம்பேட்டையைப் பற்றி நெடுநாளாக எழுத நினைத்திருந்தேன். சென்ற மாதம் எங்கள் வீட்டுக் கிணற்றை மூடிவிடலாமா என்ற பேச்சு வீட்டில் எழுந்தது. அதுதான் இந்த இழையைத் தொடங்க வைத்தது.

குரோம் என்பது ஓர் உலோகம். அதன் உப்பைக் கொண்டு தோலைப் பதனிடும் முறையில் இயங்கிய குரோம் லெதர் கம்பெனியை ஜி.ஏ.சேம்பர்ஸ் என்பவர் 1912ஆம் ஆண்டில் இங்கே நிறுவினார். அந்தத் தொழிற்சாலையைச் சுற்றி வளர்ந்த குடியிருப்புக்கு அதன் பெயரே நிலைத்துவிட்டது. இன்றும் சேம்பர்ஸ் காலனி என்று ஒரு பகுதி இங்கே உண்டு. அந்தப் பெயர்ப்பலகையைத் தினமும் கடந்து செல்பவர்களிடம் சேம்பர்ஸ் யார் என்று கேட்டால் பெரும்பாலோருக்குத் தெரிவதில்லை. தலைவர்களின் பெயரையும் தெய்வங்களின் பெயரையும் மரங்களின் பெயரையும் தாங்கிய ஊர்கள் நம்மிடம் நிறைய இருக்கின்றன. ஒரு வேதிப்பொருளின் பெயரைத் தாங்கி, அதைத் தமிழ்ப் பெயராகவே நாவில் பழக்கிக்கொண்ட ஊர் வேறு எதுவும் எனக்கு நினைவுக்கு வரவில்லை.

என் தந்தையார் பாரிமுனையில் ஓர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தார். 1973இல் ராதா நகரில் ஒரு கிரவுண்டு மனை வாங்கினார். வீடு கட்டும் முன்பே கிணறு வெட்டினார்கள். பதினாறு அடியில் தண்ணீர் கண்டது. இருபத்தெட்டு அடியில் பாறை தட்டியதும் வெட்டுவதை நிறுத்தினார்கள். அந்தத் தண்ணீரில்தான் வீட்டுக்குக் கலவை குழைத்தார்கள், அதில்தான் எங்களுக்குச் சோறு வெந்தது. 1980களின் நடுவில் பருப்பு வேக மறுத்தது. பிறகு பாத்திரங்களில் வெள்ளைப் படலம் படிந்தது. தொண்ணூறுகளில் அந்தத் தண்ணீரை வாயில் வைக்க முடியவில்லை. குளிப்பதற்கும் துணி துவைப்பதற்கும் மட்டும் என்று ஆகி, பின்னர் கழிவறைக்கு மட்டும் என்று ஆயிற்று.

ஆடி மாதத்தில் மேற்கிலிருந்து காற்று வீசும்போது நாகல்கேணிப் பக்கத்துத் தோல் ஷாப்புகளின், அதாவது தோல் பதனிடும் கூடங்களின், வாடை எங்கள் தெரு வரை வரும். அந்த வாடையையும் கிணற்றின் சுவை மாறியதையும் சேர்த்து, தோல் தொழிலே எங்கள் கிணற்றைக் கெடுத்தது என்று என் தாயார் கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். நானும் அப்படியே நம்பி வந்திருக்கிறேன். எந்தத் தொழில் இந்த ஊருக்குப் பெயர் கொடுத்ததோ அதுவே இந்த ஊரின் தண்ணீரை எடுத்துக்கொண்டது என்பது என் கருத்து. இந்த ஊரின் பழைய நிலையை அறிந்தவர்கள் தாங்கள் அறிந்ததை எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பதிவு 2
பல்லவபுரத்தான்:

ஐயா, நல்ல இழை. ஆனால் 1912இல் தொடங்கினால் இந்த மண்ணின் கதையில் பெரும்பகுதி விடுபட்டுப் போகும். நீங்கள் ரயிலில் ஒரு நிலையம் வடக்கே சென்று பல்லாவரத்தில் இறங்கினால், 1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் இராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் ஒரு சரளைக்கல் குழியிலிருந்து பழைய கற்காலக் கைக்கோடரி ஒன்றைக் கண்டெடுத்த இடத்துக்குப் போய்ச் சேர்வீர்கள். இந்தியாவில் கற்கால மனிதர் வாழ்ந்தார்கள் என்பதற்கான ஆய்வு அந்தக் கல்லிலிருந்துதான் தொடங்குகிறது. பல்லாவரம் என்பது பல்லவபுரம் என்பதன் திரிபு. அங்குள்ள குன்றில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்துக் குடைவரை, அதாவது பாறையைக் குடைந்து அமைத்த கோயில், இருக்கிறது. அது பின்னாளில் தர்காவாகி இன்றும் வழிபாட்டில் இருக்கிறது.

மேற்கே திருநீர்மலை. திருமங்கையாழ்வார் அங்கே வந்தபோது மலையைச் சுற்றி நீர் சூழ்ந்து நின்றதால், அது வடியும் வரை ஆறு மாதம் காத்திருந்து பெருமாளைச் சேவித்தார் என்பது தலவரலாறு. அந்த நீர்மலைக்கும் ரயில் பாதைக்கும் இடையில் இருப்பதுதான் நீங்கள் சொல்லும் நாகல்கேணி. கேணி என்றாலே கிணறு. நீரால் பெயர் பெற்ற மலைக்கும் குரோமால் பெயர் பெற்ற பேட்டைக்கும் நடுவே, கிணற்றால் பெயர் பெற்ற ஊரில்தான் தோல் ஷாப்புகள் வந்து சேர்ந்தன என்பதை நினைக்கும்போது எனக்கு மனம் கனக்கிறது.

குரோம்பேட்டை வெறும் தரையில் எழுந்த ஊரும் அன்று. ஜமீன் ராயப்பேட்டை, நெமிலிச்சேரி, அஸ்தினாபுரம், சிட்லபாக்கம் ஆகியவை தம் ஏரிகளோடும் வயல்களோடும் அங்கே இருந்தன. பேட்டை என்ற சொல்லையும் நாம் கவனிக்க வேண்டும். பெரிய ஊரின் ஓரத்தில் ஒரு தொழிலுக்காகவோ சந்தைக்காகவோ அமையும் குடியிருப்பைப் பேட்டை என்பது நம் பழைய வழக்கம். 1734இல் நெசவாளர்களுக்காக அமைக்கப்பட்ட சின்னத்தறிப்பேட்டை அவ்வாறு வந்த பெயர்தான். அதுவே சிந்தாதிரிப்பேட்டை ஆயிற்று. வண்ணாரப்பேட்டையும் அப்படித்தான். எனவே குரோம் என்ற முன்பாதி புதியதாக இருந்தாலும், பின்பாதி இந்த நகரத்தின் மிகப் பழைய இலக்கணத்தில் அமைந்தது. மக்கள் அதை எளிதாக ஏற்றுக்கொண்டதற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

பாறையைப் பற்றி ஒரு சொல். உங்கள் கிணற்றில் இருபத்தெட்டு அடியில் தட்டிய பாறை பெரும்பாலும் சார்னோகைட் என்ற கடினமான பாறையாக இருக்கும். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்குச் சென்ற கல் பல்லாவரத்துக் கல்தான். அந்தக் கல்லறையை வைத்தே 1893இல் தாமஸ் ஹாலண்ட் இந்தப் பாறை வகைக்குப் பெயரிட்டார்.

பதிவு 3
சீசன்டிக்கெட்:

வணக்கம். தோல் தொழில் ஊருக்குப் பெயரைக் கொடுத்தது உண்மை. ஆனால் ஊருக்கு மனிதர்களைக் கொடுத்தது மின்சார ரயில். சென்னைக் கடற்கரை நிலையத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே மீட்டர்கேஜ் என்ற குறுகிய ரயில் பாதையில் 1931ஆம் ஆண்டு மே மாதம் மின்சார வண்டி ஓடத் தொடங்கியது. தென்னிந்தியாவில் மின்சார ரயிலை முதலில் கண்ட பாதை அதுதான். அந்த வண்டி இல்லாதிருந்தால் ராதாநகர்வாசியின் தந்தையார் பாரிமுனையில் வேலை பார்த்துக்கொண்டு இங்கே மனை வாங்கியிருக்க மாட்டார். மாதச் சீட்டின் விலையையும் நகரத்து வாடகையையும் கணக்குப் போட்டுப் பார்த்த எழுத்தர்களும் பள்ளி ஆசிரியர்களும் ரயில்வே ஊழியர்களும் தபால் துறையினரும் சேர்ந்து உண்டாக்கிய ஊர் இது.

இவர்களில் யாரும் செல்வர்கள் அல்லர். வருங்கால வைப்பு நிதியில் முன்பணம் எடுத்து மனை வாங்கினார்கள். மனைவியின் நகையை வைத்துக் கடைக்கால் போட்டார்கள். முதலில் ஒரு கூடமும் சமையலறையும் கட்டிக் குடியேறி, பத்து ஆண்டுகள் கழித்து மாடிக்குத் தளம் போட்டார்கள். பழைய வீடுகளில் மாடிப்படி வெளியே இருப்பதைப் பார்க்கலாம். பிற்காலத்தில் மாடியை வாடகைக்கு விட வேண்டும் என்று முதல் நாளே எண்ணி வைத்த படி அது. முன்புறம் ஒரு வேப்பமரம், பின்புறம் கிணறு, துவைகல், இரண்டு தென்னை, இடையில் ஒரு கறிவேப்பிலைச் செடி என்பதுதான் அந்நாளைய மனையின் அமைப்பு. அறுபதுக்கு நாற்பது மனையில் இவ்வளவும் இடம்பெற்றன என்பதை இன்றைய அடுக்ககத்தில் இருந்துகொண்டு நினைத்துப் பார்க்கவே வியப்பாக இருக்கிறது.

1949இல் சி.ராஜம் தம் வீட்டை விற்றுத் தொடங்கிய மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜியும் இந்த ஊரின் இயல்பை மாற்றியது. வானூர்தி, மின்னணுவியல், கருவியியல் என்று அந்நாளில் மற்றக் கல்லூரிகள் அதிகம் தொடாத துறைகளை அங்கே கற்பித்தார்கள். அப்துல் கலாம் அங்கேதான் வானூர்திப் பொறியியல் படித்தார். கல்லூரி 1978இல் அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. எங்கள் தெருவில் பிள்ளைகளைக் கணக்குப் பாடத்துக்கு அனுப்பிய வீடுகளில் பாதிக்கு மேல் அந்தக் கல்லூரியின் மதில்சுவரைக் காட்டித்தான் அனுப்பின.

மீட்டர்கேஜ் வண்டிகள் 2004ஆம் ஆண்டு சூலை முதல் நாளோடு நின்றுபோயின. பெட்டி சிறியது, ஆனால் காலை எட்டு மணி வண்டியில் யார் எந்தப் பெட்டியில் எந்தக் கம்பியைப் பிடித்து நிற்பார் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒருவர் இரண்டு நாள் வரவில்லையென்றால் மூன்றாம் நாள் மாலை அவர் வீட்டுக்குப் போய் விசாரிப்பார்கள்.

பதிவு 4
பதனிடுநர்:

நான் தோல் தொழில்நுட்பத்தில் முப்பத்தோராண்டுகள் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன். ராதாநகர்வாசி ஐயாவின் வருத்தம் எனக்குப் புரிகிறது. இருந்தாலும் அவருடைய முடிவில் சில பகுதிகளை நான் ஏற்க இயலாது.

முதலில் குரோம் ஏன் வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். நம் நாட்டில் தோலை ஆவாரம் பட்டையில் பதனிட்டார்கள். அது பல வாரங்கள் பிடிக்கும் வேலை. அந்தத் தோல் நல்ல தோல்தான். ஆனால் இடைவிடாது நீரில் நனைந்தால் நெடுநாள் தாங்காது. சென்னைக் கலைப்பள்ளியில் பணியாற்றிய ஆல்பிரட் சாட்டர்டன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குரோம் முறையை இங்கே சோதித்துப் பார்த்தார். அவர் மனத்தில் இருந்த பொருள்களுள் ஒன்று, வயல் கிணறுகளில் மாடு கட்டி நீர் இறைக்கும் கவலை என்ற ஏற்றத்துக்கான தோல் பை. குரோமில் பதனிட்ட தோல் நீரில் கிடந்தாலும் அழுகாது. கிணற்றிலிருந்து நீர் இறைப்பதற்கென்று நம் மாகாணத்தில் சோதிக்கப்பட்ட தொழில் பின்னாளில் கிணற்றைக் கெடுத்ததாகக் குற்றம் சாட்டப்படுகிறது என்பதை அந்தத் தொழிலில் இருந்தவன் என்ற முறையில் கவலையோடு பதிவு செய்கிறேன்.

இரண்டாவது, குற்றம் உண்மையானதே. ஒரு கிலோ பச்சைத் தோலைப் பதனிட்டு முடிக்க முப்பது முதல் நாற்பது லிட்டர் தண்ணீர் வேண்டும். தோலைச் சுழற்றிப் பதனிடும் டிரம்மில் போடும் குரோம் உப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் தோலில் ஏறும். எஞ்சியது கழிவு நீரோடு போகும். ஆனால் நிலத்தடி நீரை மிக விரைவாகப் பாழாக்கியது குரோம் அன்று, சாதாரணச் சாப்பாட்டு உப்பு. தோல் அழுகாமலிருக்க ஆட்டிறைச்சிக் கூடத்திலேயே உப்பைத் தடவி அனுப்புவார்கள். அந்த உப்பு முழுவதையும் முதல் ஊறவைப்பிலேயே கழுவி வெளியேற்றுவோம். குரோம் பெரும்பாலும் சேற்றில் படிந்து நிற்கும். உப்பு எதிலும் நிற்காமல் நீர் போகும் இடமெல்லாம் போகும். பொதுச் சுத்திகரிப்பு நிலையம் குரோமைப் பிரித்து எடுக்கும். கரைந்த உப்பை எடுப்பது அதற்கு எளிதன்று.

தோல் தொழிற்சாலைகளின் மாசுக்கு எதிராக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28ஆம் நாள் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பை நாடு முழுவதும் சட்டம் படிப்பவர்கள் படிக்கிறார்கள். முன்னெச்சரிக்கைக் கோட்பாடும், மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாடும் நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. அது பாலாற்றங்கரைக்கு மட்டும் உரியது என்று பலர் நினைக்கிறார்கள். அன்றைய செங்கை எம்.ஜி.ஆர். (செங்கல்பட்டு) மாவட்டமும் அதில் அடக்கம். பல்லாவரம், குரோம்பேட்டைப் பகுதி அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. தீர்ப்பில் அடங்கிய மாவட்டங்களின் தோல் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றுக்கும் பத்தாயிரம் ரூபாய் தண்டம் விதிக்கப்பட்டது. நவம்பர் 30ஆம் நாளுக்குள் சுத்திகரிப்பு வசதி செய்யாதவை மூடப்பட வேண்டும் என்றும் ஆணையிடப்பட்டது.

மூன்றாவது, உங்கள் கிணறு. தோல் ஷாப்புகள் ரயில் பாதைக்கு மேற்கே நாகல்கேணியில் இருந்தன. அந்தப் பக்கத்து நீர் திருநீர்மலை வழியாக அடையாற்றை நோக்கிச் சாய்கிறது. நீங்கள் இருக்கும் ராதா நகர் பாதைக்குக் கிழக்கே. அங்கிருந்து தரை சிட்லபாக்கம், செம்பாக்கம் ஏரிகளை நோக்கிச் சாய்ந்து, கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் முடிகிறது. வாடை காற்றில் ஏறி மேட்டைத் தாண்டி வரும். நிலத்தடி நீர் அவ்வாறு வராது. நாகல்கேணியில் கிணறு இழந்தவர்கள் தோல் தொழிலைச் சொல்லலாம், அது நியாயம். உங்கள் கிணற்றுக்கு வேறு காரணம் இருக்கும் என்றே நான் நினைக்கிறேன்.

பதிவு 5
அஸ்தினாபுரத்துப் பெண்:

பதனிடுநர் ஐயா சொல்வது சரி என்று எனக்குத் தோன்றுகிறது. நான் 2001இல் திருமணமாகி அஸ்தினாபுரத்துக்கு வந்தேன். எங்கள் தெருவில் தோல் வாடை வந்ததே இல்லை. இருந்தும் தண்ணீர் கடினமாகத்தான் இருந்தது. நான் வந்த காலத்தில் தெருவுக்குப் பத்து ஆழ்துளைக் கிணறுகள் இருந்தன. தனி வீடுகளை இடித்து எட்டுக் குடும்பங்கள், பன்னிரண்டு குடும்பங்கள் என்று அடுக்ககங்கள் எழுந்தபோது ஒவ்வொன்றுக்கும் முந்நூறு அடி, நானூறு அடி என்று துளை போட்டார்கள். பாதாளச் சாக்கடை வரும் வரை வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க் இருந்தது. அதற்கும் கிணற்றுக்கும் இடையே பல மனைகளில் பத்தடி கூட இருந்ததில்லை.

இந்த ஊரில் ஒரு நாளின் போக்கைத் தீர்மானித்தது தண்ணீர்தான் என்பதைப் பெண்கள் சொன்னால்தான் முழுமையாகத் தெரியும். பாலாற்றுத் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள், சில கோடைகளில் வாரத்துக்கு ஒரு நாள், அதிகாலை நாலரை மணிக்கு வரும். முதலில் எழுந்தவர் அடுத்த வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும் என்பது எழுதாத சட்டம். லாரி வரும் நாளில் குடங்களின் வரிசையில் யாருடைய குடம் யாருக்கு முன்னே என்பதில் சண்டை வரும். அதே வரிசையில்தான் பெண் பார்க்கும் செய்தியும் பிரசவச் செய்தியும் பரிமாறப்பட்டன. எங்கள் மாமியார் குமரன்குன்றத்து முருகன் கோயிலுக்குப் படியேறப் போகும் நாளிலும் தண்ணீர் வரும் நேரத்தை விசாரித்த பிறகே கிளம்புவார்.

2015 டிசம்பர் முதல் நாள் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. தண்ணீருக்காகக் குடம் தூக்கிய அதே தெருவில் இடுப்பளவு நீரில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்தோம். ஏரியின் உள்வாயில், நீர் பரவி நிற்கும் இடத்தில், மனை போட்டால் ஏரி தன் இடத்துக்கு வரத்தான் செய்யும். அதன் பிறகே எங்கள் பக்கத்து மக்கள் சிட்லபாக்கம் ஏரியைப் பற்றிக் கூடிப் பேசத் தொடங்கினார்கள். அதற்கு முன்பிருந்தே குப்பை மேட்டுக்கும் ஆக்கிரமிப்புக்கும் எதிராக அந்த ஏரிக்காக உழைத்துக்கொண்டிருந்த சிலருக்கு நாங்கள் மிகவும் கடமைப்பட்டிருக்கிறோம்.

பதிவு 6
புதியவாசகன்:

பெரியவர்களுக்கு வணக்கம். நான் இந்த ஊரில் பிறந்தவன். வயது இருபத்து நான்கு. பல்லாவரமும் தாம்பரமும் பிற நகராட்சிகளும் பேரூராட்சிகளும் 2021 நவம்பரில் ஒன்றாகித் தாம்பரம் மாநகராட்சி ஆகிவிட்டன. ஊரின் நிர்வாகம் மாறிய இந்தக் காலத்தில் பெயரையும் மாற்றினால் என்ன? அந்தத் தொழிற்சாலையை என் தலைமுறை பார்த்ததே இல்லை. நஞ்சோடு தொடர்புள்ள பெயரை நாம் ஏன் சுமக்க வேண்டும்? குமரன்குன்றம் என்றோ வேறு நல்ல தமிழ்ப் பெயரோ வைக்கலாம் என்பது என் எண்ணம்.

பதிவு 7
ராதாநகர்வாசி:

தம்பி, உங்கள் கேள்வியை நான் மதிக்கிறேன். உங்கள் வயதில் நானும் அதையே கேட்டேன். இன்று என் மனம் வேறு விதமாக இருக்கிறது. சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி நின்று தோலைப் புரட்டியவர்கள், உப்பும் அமிலமும் கைகளை அரிக்க வேலை பார்த்தவர்கள், பலரும் தொட மறுத்த தொழிலைச் செய்து பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள் ஆயிரக்கணக்கில் இங்கே வாழ்ந்தார்கள். அவர்களுக்கு இந்த ஊரில் ஒரு சிலை இல்லை, அவர்கள் பெயரில் ஒரு தெருவும் எனக்குத் தெரிந்து இல்லை. அவர்களுடைய உழைப்புக்கு மிஞ்சியிருக்கும் ஒரே அடையாளம் ஊரின் பெயர். அதையும் எடுத்துவிட்டால் அவர்கள் இங்கே இருந்ததற்கே தடம் இருக்காது. நாகல்கேணியில் கிணறு இழந்த குடும்பங்களுக்கு நடந்த அநீதியும் அந்தப் பெயரோடுதான் நினைவில் நிற்கும்.

பதனிடுநர் ஐயா, உங்கள் பதிவை மூன்று முறை படித்தேன். என் தாயார் சொன்னதை ஐயுறுவது எனக்கு எளிதன்று. ஆனால் எங்கள் மனையில் செப்டிக் டேங்குக்கும் கிணற்றுக்கும் இடையே எத்தனை அடி என்று இன்று காலை நாடா வைத்து அளந்து பார்த்தேன். பதினொன்றரை அடி. டேங்கைக் கட்டியது 1979இல், நாங்கள் வெளிக் கழிவறையை விட்டு வீட்டுக்குள் கட்டிய ஆண்டில். 1984இல் பக்கத்து மனையிலும் எங்கள் கிணற்றை ஒட்டிய மூலையிலேயே ஒன்று வந்தது. நாற்பது ஆண்டுகளாக மேற்குத் திசையைக் காட்டிப் பேசிவந்தேன். இந்த அளவை ஒரு நாளும் எடுத்துப் பார்க்கவில்லை.

தண்ணீரைச் சோதிக்கக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். எவற்றைச் சோதிக்கச் சொல்ல வேண்டும் என்று தயவுசெய்து சொல்லுங்கள்.

பதிவு 8
பதனிடுநர்:

நான்கு பொருள்களைக் கேளுங்கள். மொத்தக் கரைதிடப் பொருள் (நீரில் கரைந்துள்ள உப்புகள் முதலியவற்றின் மொத்த அளவு), குளோரைடு, நைட்ரேட், மொத்தக் குரோமியம். குடிநீருக்கான இந்தியத் தர அளவின்படி கரைதிடப் பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு நீர் இல்லாத இடத்தில் 2000 வரை ஏற்கலாம். நைட்ரேட்டின் எல்லை 45 மில்லிகிராம், குரோமியத்தின் எல்லை 0.05 மில்லிகிராம். நைட்ரேட் ஏறியிருந்து குரோமியம் இல்லையென்றால் செப்டிக் டேங்கே காரணம் என்று பெரும்பாலும் கொள்ளலாம். குரோமியமும் தெரிந்தால் நான் சொன்னது தவறு. அதை இங்கேயே ஒப்புக்கொள்வேன். நைட்ரேட் கொதிக்க வைத்தால் போகாது, நீர் சுண்டச் சுண்ட அடர்த்தி கூடும் என்பதை வீட்டில் உள்ளவர்களுக்குச் சொல்லி வையுங்கள். கைக்குழந்தை இருக்கும் வீடுகளில் இது மிகவும் முக்கியம்.

மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, அதன் பிறகு வரும் நீரைப் பிடியுங்கள். குரோமியத்துக்கான பாட்டிலை ஆய்வகத்திலேயே கேட்டு வாங்குங்கள். அதில் சிறிது அமிலம் சேர்த்துத் தருவார்கள், அதைக் கொட்டிக் கழுவிவிட வேண்டாம். நாகல்கேணியில் ஒரு கிணற்று நீரையும் எடுத்து ஒப்பிட்டால் பயன் இருக்கும். கிணற்றை மட்டும் மூடிவிடாதீர்கள். 2003இல் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமானபோது பலர் குழாயைச் சுவரில் பொருத்தி நிறுத்திவிட்டார்கள். உங்களிடம் திறந்த கிணறு இருக்கிறது. மொட்டை மாடி நீரை மணலும் கூழாங்கல்லும் இட்ட தொட்டி வழியே அதில் இறக்கினால், சில மழைக்காலங்களில் சுவை மாறுவதை நீங்களே காண்பீர்கள்.

பதிவு 9
அஸ்தினாபுரத்துப் பெண்:

எங்கள் அடுக்ககத்துத் துளையிலிருந்தும் ஒரு பாட்டில் தருகிறேன் ஐயா. ஞாயிறு காலை ஆறு மணிக்கு மேல் மோட்டார் போடுவோம்.

பதிவு 10
புதியவாசகன்:

என் பாட்டி வீடு நாகல்கேணியில்தான் இருக்கிறது. பின்கட்டில் பழைய உறைக்கிணறு உண்டு. இருபது ஆண்டுகளாகப் பலகை போட்டு மூடி, மேலே அம்மிக்கல்லை வைத்திருக்கிறார்கள். பாட்டியிடம் கேட்டேன், திறக்கலாம் என்று சொன்னார். அதில் மோட்டார் இல்லை; கயிறும் வாளியும் நான் கொண்டுவருகிறேன்.

பதிவு 11
ராதாநகர்வாசி:

மகிழ்ச்சி தம்பி. ஞாயிறு ஏழு மணிக்கு உங்கள் பாட்டி வீட்டில் இருப்பேன். நீண்ட நாள் மூடிய கிணற்றைத் திறந்ததும் யாரும் உள்ளே எட்டிப் பார்க்கவோ இறங்கவோ வேண்டாம், விஷக்காற்று நிற்கும். மேலிருந்தே வாளியை விட்டு, முதல் இருபது வாளி நீரை இறைத்துக் கொட்டிவிட்டுப் பிறகு பிடிப்போம். மூன்று பாட்டில்களின் முடிவும் வந்ததும் எண்களை அப்படியே இந்த இழையில் இடுகிறேன்.